துறைமுகத்திடம் கேட்ட கேள்வியைத் தண்டவாளத்திடம் கேட்காதது ஏன்? கோவாவின் மூன்று ரயில் பாதைகள்

2017 ஏப்ரல் இறுதியில் கோவாவின் வாஸ்கோ ட காமா நகரில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் தொடங்கியது. மர்மகோவா துறைமுகத்தில் கப்பல் வழியை ஆழப்படுத்துவதும் சரக்கு கையாளும் திறனைப் பெருக்குவதும் அங்கே விவாதப்பொருளாக இருந்தன. கடற்கரையில் வலை உலர்த்துவோர், நகரில் கரித்தூளைத் துடைத்துத் துடைத்துச் சலித்தோர், மருத்துவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் என வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு நாளில் முடிய வேண்டிய கூட்டம் மே முதல் வாரம் வரை தொடர்ந்தது. அந்தக் கூட்டமும் எளிதில் கிடைத்ததன்று. ஆழப்படுத்தும் திட்டத்துக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்துத் தரப்பட்டிருந்த சுற்றுச்சூழல் அனுமதியை 2016இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ரத்து செய்த பின்னரே அது நடந்தது.

அந்தத் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி அங்கேயே நின்றுவிடுவதில்லை. வாஸ்கோவிலிருந்து மட்காவ், சாந்தோர், குளெம் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலை ஏறி, காசில் ராக் கடந்து, கர்நாடகத்தின் எஃகு ஆலைகளுக்கு ரயிலில் போகிறது. அந்தப் பாதையை இரட்டைப் பாதையாக்கும் திட்டமும் அதே காலத்தில் நடந்துகொண்டிருந்தது. கரி ஒன்று, ஆலைகள் அவையே, ஊர்களும் பெரும்பாலும் அடுத்தடுத்தவை. ஆனால் ரயில் பாதைக்கு அப்படியொரு கூட்டம் நடத்தப்படவில்லை. நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்லவும் இல்லை. துறைமுகம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இருக்கிறது; ரயில் பாதை அதில் இல்லை.

இதை ஓர் எழுத்துப்பிழையாகவோ ஓர் அமைச்சகத்தின் மறதியாகவோ கொள்ள முடியாது. இந்தியாவில் ரயில் பாதைகள் எந்த அதிகாரத்தின் மேல் போடப்பட்டன என்பதன் நீண்ட வரலாறு அந்த விடுபடலுக்குப் பின்னால் இருக்கிறது. கோவா என்ற சிறு நிலப்பரப்பில் நூற்று நாற்பது ஆண்டுகளுக்குள் மூன்று முறை ரயில் பாதை பற்றிய முடிவு எடுக்கப்பட்டது. அந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வரலாறு தெளிவாகும்.

முதல் முடிவு லிஸ்பனில் எடுக்கப்பட்டது. 1878 டிசம்பர் 26 அன்று பிரிட்டனும் போர்ச்சுகலும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டிஷ் இந்தியாவையும் கோவாவையும் ஒரே சுங்க எல்லைக்குள் கொண்டுவருவதும், மர்மகோவாவில் துறைமுகம் அமைத்து அதிலிருந்து பிரிட்டிஷ் எல்லைவரை ரயில் பாதை போடுவதும் அதன் சாரம். அந்த ஏற்பாட்டில் கோவாவின் உப்பு உற்பத்தியும் விற்பனையும் பிரிட்டிஷ் அரசின் கட்டுப்பாட்டுக்குள் போயின. ஈடாகப் போர்த்துகீசிய அரசுக்கு ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய். மேற்கிந்தியப் போர்த்துகீசிய ரயில்வே நிறுவனம் லண்டனில் உருவானது. முதலீட்டுக்கு லாப உத்தரவாதம் அளித்தது போர்த்துகீசிய அரசு. 1888இல் பாதை தூத்சாகர் அருவியின் முகத்தைக் கடந்து, மலை ஏறி எல்லையைத் தொட்டது.

ரயில் வந்த அதே ஆண்டுகளில் கோவாவின் உப்பளங்கள் நொடித்தன. உப்புப் பாத்திகளை நம்பியிருந்த குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் போயின. 1892இல் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. போட்ட தண்டவாளம் அப்படியே இருந்தது. உப்பளக்காரரிடமோ, மலையடிவாரத்தில் காடு வெட்டி வேளாண்மை செய்தவரிடமோ ஒருவரும் கருத்துக் கேட்கவில்லை. காலனிய ஆட்சியில் அதை எதிர்பார்க்க முடியாது என்று சொல்லலாம். ஆனால் காலனியம் போன பின்னும் எஞ்சிய ஒன்று உண்டு. அதைக் காண எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ரயில் நிறுவனம் பிறர் நிலத்தின் வழியே பாதை போட வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் பெற வேண்டும். வரைபடங்களை முன்கூட்டியே பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். பாதிக்கப்படுவோர் மனுக் கொடுத்தால் நாடாளுமன்றக் குழு அவர்களை விசாரிக்கும். பணமும் வழக்கறிஞரும் உள்ளவருக்கே அந்த வாயில் திறந்தது என்பது உண்மை. ஆயினும் வாயில் இருந்தது. அந்த விசாரணையைத் தாண்டி வந்த நிறுவனத்துக்கே மலையைக் குடையவும் ஆற்றைக் கடக்கவும் கரைமேடு எழுப்பவும் விரிவான அதிகாரங்கள் தரப்பட்டன.

இந்தியாவுக்கு அந்த அதிகாரங்கள் வந்தன; விசாரணை வரவில்லை. 1850இலேயே ரயில் பாதைகளைப் பொதுப்பணியாக அறிவித்து, நில எடுப்புக்கு வழி செய்தது கம்பெனி ஆட்சி. 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 7ஆம் பிரிவு, நில எடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டும், மற்றெந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் அதைப் பொருட்படுத்தாமலும், நிலம், குன்று, பள்ளத்தாக்கு, ஆறு, ஓடை எதன் குறுக்கேயும் வேலை செய்ய ரயில்வே நிர்வாகத்துக்கு உரிமை கொடுத்தது. நில எடுப்புச் சட்டமோ 1894இல் நிலத்தின் சொந்தக்காரருக்கு ஈட்டுத்தொகை பற்றிப் பேசும் உரிமையை மட்டுமே தந்தது. எடுப்பதையே ஆட்சேபிக்கும் உரிமை, 5அ என்ற பிரிவாக, 1923இல்தான் சேர்க்கப்பட்டது. அதுவும் நிலத்தில் நலன் உள்ளவருக்கு மட்டும். வயலின் சொந்தக்காரர் பேசலாம். அந்த வயலுக்கு நீர் வடியும் ஓடையின் கீழே குடியிருப்பவர், ஓடையில் மீன் பிடிப்பவர், காட்டில் தேன் எடுப்பவர் எவருக்கும் அங்கே இடமில்லை. ரயில் பாதையின் விளைவுகளை ஒருவரது நிலத்தின் விலையாக மட்டுமே சட்டம் அறிந்திருந்தது.

இரண்டாவது முடிவு 1990இல் புது தில்லியில் எடுக்கப்பட்டது. ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் ரயில்வே அமைச்சராகவும் மது தண்டவதே நிதியமைச்சராகவும் இருந்த ஆட்சியில் கொங்கண் ரயில்வே கழகம் தொடங்கப்பட்டது, ஈ. ஸ்ரீதரன் அதன் தலைவரானார். ரயில் வேண்டும் என்பதில் கொங்கண மக்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அது அவர்களது நெடுநாள் ஏக்கம். கோவாவில் பிரச்சினை வேறு: எந்த வழியில்?

தேர்ந்தெடுத்த வழி கடற்கரைச் சமவெளியில், கஸான் நிலங்களின் ஊடாகச் சென்றது. கஸான் என்பது ஓதம் ஏறி இறங்கும் கழிமுகச் சதுப்பைக் கரை கட்டி மீட்டெடுத்த வயல். கரையில் பொருத்திய மதகின் மரக்கதவு, கடல்நீர் ஏறும்போது தானே மூடிக்கொள்ளும். வற்றும்போது தானே திறந்து உள்ளிருக்கும் நீரை வெளியே விடும். உள்ளே உப்பைத் தாங்கும் நெல் விளையும். மதகடியில் மீன் பிடிக்கும் உரிமை ஏலம் போகும். பல நூற்றாண்டுகளாக ஊர்ச் சமுதாயங்கள் பராமரித்துவந்த ஏற்பாடு இது. இதில் ஒரு கரை உடைந்தால் ஒருவர் வயல் மட்டும் அழியாது, அந்தக் கரைக்குள் இருக்கும் வயல்கள் அனைத்தும் உப்பேறும். எனவே இந்நிலத்தின் குறுக்கே உயரமான கரைமேடு எழும்பினால் நீர் எங்கே போகும் என்பது அங்கே முதற்கேள்வி. அதோடு பழைய கோவாவின் தேவாலயங்களுக்கு அருகே பாதை செல்வது பற்றியும் கவலை எழுந்தது. வழித்தடத்தைக் கிழக்கே, உட்பகுதிக்கு மாற்ற வேண்டும் என்று ஓர் இயக்கமே உருவானது.

அந்தக் கேள்வியை வைக்க இடமேது? நில எடுப்பு அலுவலரிடம் போனால் அவர் புல எண்ணையும் பரப்பளவையும் கேட்பார். ஓதத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு அதிகாரமில்லை. நீதிமன்றம் ஒன்றே எஞ்சியது. கோவா அறக்கட்டளை என்ற அமைப்பு பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடியது. 1992இல் அந்த மனு தள்ளுபடியானது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1989இல் புதிய ரயில்வே சட்டம் வந்திருந்தது. ஆனால் பழைய 7ஆம் பிரிவு ஏறத்தாழ அதே உருவில் 11ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. நடப்பிலுள்ள வேறெந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் பாதை போடலாம் என்ற அந்த வரி, கடலோர ஒழுங்குமுறை பற்றிப் பேசிய மனுதாரருக்கு எதிரே நின்றது. காலனிய ஆட்சிக்காக எழுதிய ஒரு சொற்றொடர், குடியரசின் நீதிமன்றத்தில் உயிரோடு வந்து சாட்சி சொன்னது.

தெருவில் எதிர்ப்பு அடங்கவில்லை. 1993இல் மத்திய அரசு கோவாப் பகுதியில் வேலையை நிறுத்தி, ஓய்வுபெற்ற நீதிபதி ஓசா தலைமையில் விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. இந்திய ரயில்வே வரலாற்றில் ஒரு வழித்தடத்தின் சுற்றுச்சூழல் விளைவுகள் பற்றி மக்கள் சொல்வதைக் கேட்க அரசே இறங்கிவந்த அரிய தருணங்களுள் அது ஒன்று. அதற்குள் பாதையின் பெரும்பகுதிக்கு வேலை தொடங்கியாகிவிட்டது, பணம் இறங்கியாகிவிட்டது. கடைசியில் கடற்கரை வழியே தொடர்ந்தது. 1998 ஜனவரி 26 அன்று கொங்கண் ரயில்வே முழுப் பாதையும் திறக்கப்பட்டது. முடிவெடுத்து, வேலை தொடங்கி, மக்கள் மறித்து, பின் கேட்பது என்ற அந்த வரிசையில் கேட்பு என்பது சமாதானப் பேச்சாக மட்டுமே இருக்க முடியும்.

கொங்கண் ரயிலால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. மும்பையில் வேலை செய்யும் கொங்கணத்தார் ஒரே இரவில் ஊர் திரும்ப முடிந்தது. கேரளம் வரை பயணம் சுருங்கியது. அதே பாதை மண்ணைப் பற்றிய பாடங்களையும் கற்பித்தது. வடகோவாவின் பெர்னெம் சுரங்கம் மென்மண்ணில் மீண்டும் மீண்டும் சரிந்து பல ஆண்டுகள் இழுத்தது; 2020 ஆகஸ்டில் அதன் சுவரின் ஒரு பகுதி இடிந்தது; 2024 ஜூலையில் நீர் பீறிட்டு ரயில்கள் நின்றன. மகாராஷ்டிரத்தில், 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே பாதையில் சரிந்து கிடந்த பாறைகளில் ரயில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கருத்துக்கேட்பு நடந்திருந்தால் இவை நேர்ந்திராது என்று சொல்ல முடியாது. மலைச்சரிவில் மழைநீர் எந்த வழியில் இறங்கும், எந்த மண் ஆண்டுதோறும் நழுவும் என்பதை அங்கேயே வாழ்பவர் அறிவார் என்பதையும், அந்த அறிவைப் பதிவு செய்ய அன்று முறையான ஏற்பாடு ஏதும் இல்லை என்பதையும் மட்டும் சொல்லலாம்.

ஏற்பாடு ஒன்று அந்தப் பத்தாண்டில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. 1994 ஜனவரி 27 அன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. 1997 ஏப்ரலில் அதில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமாக்கப்பட்டது. 2006 செப்டம்பர் 14 அன்று வந்த புதிய அறிவிக்கை அதன் நடைமுறையை விரித்துரைத்தது. வரைவு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பான அலுவலரோ தலைமை தாங்க வேண்டும். நடவடிக்கை ஒளிப்பதிவாக வேண்டும். எழுந்த கேள்விகளுக்குத் திட்டத்தார் பதில் சொல்ல வேண்டும். இங்கே பேசுவதற்குப் பட்டா தேவையில்லை. 1894ஆம் ஆண்டுச் சட்டம் காணாத மனிதர்களை இந்த அறிவிக்கை முதன்முதலாகக் கண்டது.

அந்தப் பட்டியலில் சுரங்கம், அணை, அனல்மின் நிலையம், துறைமுகம், விமான நிலையம், நெடுஞ்சாலை எல்லாம் உண்டு. மலைக்கோயிலுக்குப் போகும் கம்பிவட ஊர்திக்குக்கூட இடமுண்டு. ரயில் பாதை மட்டும் 1994இலும் இல்லை, 2006இலும் இல்லை.

பிற வாயில்களும் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 2008இல் ரயில்வே சட்டம் திருத்தப்பட்டு, சிறப்புத் திட்டங்களுக்கென்று தனி நில எடுப்பு முறை வந்தது. அதிலும் ஆட்சேபிக்க முப்பது நாள், நிலத்தில் நலன் உள்ளவருக்கு மட்டும். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. ஆனால் அதன் நான்காம் அட்டவணையில் இடம்பெற்று அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்ற சட்டங்களுள் ரயில்வே சட்டமும் ஒன்று. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும்முன் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2009 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவுறுத்தியது. 2013 பிப்ரவரியில் சாலை, கால்வாய், மின்தடம், ரயில் பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு அந்த ஒப்புதலிலிருந்து பெரும்பாலும் விலக்குத் தந்தது. நீண்டு செல்வதால் அதிக ஊர்களைத் தொடும் திட்டங்களுக்கே ஊர்களைக் கேட்பதிலிருந்து விலக்கு.

மூன்றாவது முடிவு இந்தச் சூழலில் வந்தது. காசில் ராக்கிலிருந்து குளெம் வரை இரட்டைப் பாதை; அது பகவான் மகாவீர் வனவிலங்கு சரணாலயத்தையும் மொல்லெம் தேசியப் பூங்காவையும் ஊடறுக்கும்; நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு தேவைப்படும். அக்காட்டின் குறுக்கே ஒரு மின்தடமும் ஒரு நெடுஞ்சாலை விரிவாக்கமும் தனித்தனியே திட்டமிடப்பட்டிருந்தன. பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு பரிசீலிக்க வேண்டியிருந்தது. அது பரிந்துரை வழங்கியது. அந்தக் குழுவின் கூட்டத்தில் பொதுமக்களுக்கு இடமில்லை.

2020இல் பெருந்தொற்றின் ஊரடங்குக்கு நடுவே செய்தி பரவியது. மாணவர்கள், உயிரியலாளர்கள், வழக்கறிஞர்கள், ஓவியர்கள் சேர்ந்து ‘அம்ச்சே மொல்லெம்’, அதாவது நம்முடைய மொல்லெம், என்ற இயக்கத்தைத் தொடங்கினர். சமவெளியில் நிலக்கரி எதிர்ப்பு இயக்கமும் அதனோடு கைகோத்தது. 2020 நவம்பர் 1 இரவு சாந்தோரில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தருகே கூடி விடியும்வரை அமர்ந்திருந்தனர். மூன்று ஆண்டுகளுக்கு முன் துறைமுகத்துக்காகக் கூட்டம் கூடியபோது ஒலிபெருக்கியும், தலைமை தாங்க அலுவலரும், பதிவு செய்ய ஒளிப்படக் கருவியும் இருந்தன. சாந்தோரில் கூடியவர்கள்மீது காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. பேசியவை ஏறத்தாழ அதே கவலைகள். சட்டத்தின் பட்டியலில் ஒரு திட்டத்தின் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, ஒரே ஊரின் மக்கள் கருத்துரைப்பவராகவோ குற்றஞ்சாட்டப்பட்டவராகவோ ஆனார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவிடம் போனது. 2021 ஏப்ரல் 23 அன்று அளித்த அறிக்கையில், இரட்டைப் பாதையின் தேவை நிறுவப்படவில்லை என்றும் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலை ரத்து செய்யலாம் என்றும் குழு பரிந்துரைத்தது. 2022 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஒப்புதலை நீக்கியது. உயிரினப் பன்மை மீதான தாக்கத்தை விரிவாக ஆராய்ந்து புதிதாக விண்ணப்பிக்க ரயில் விகாஸ் நிறுவனத்துக்கு வழியும் விட்டது.

இந்த வெற்றியின் எல்லையைக் கவனிக்க வேண்டும். காடு தப்பியது, அது சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டிருந்ததால். அதே இரட்டைப் பாதையின் சமவெளிப் பகுதியில், வீட்டுச் சுவரை ஒட்டித் தண்டவாளம் செல்லும் ஊர்களுக்கு அந்தத் தீர்ப்பு எதையும் தரவில்லை. புலிக்கும் மரத்துக்கும் ஒரு சட்டம் வாயிலைத் திறந்தது. கரித்தூளைச் சுவாசிக்கும் குழந்தைக்காக வாதாட அப்படியொரு வாயில் இல்லை.

ரயில்வேக்கு விலக்கு வேண்டும் என்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஒரு டன் சரக்கைச் சாலையில் கொண்டுபோவதைவிட ரயிலில் கொண்டுபோனால் எரிபொருள் குறைவு, புகை குறைவு. நாட்டுக்கு மேலும் ரயில் பாதைகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் அனுமதி தேடினால் சரக்கு லாரிகளுக்கே போகும். ஆனால் ரயில் நல்லது என்பது, இந்த இடத்தில் இந்த வழியில் இந்தச் சரக்குக்காக வரும் ரயில் நல்லதா என்ற கேள்விக்கு விடை ஆகாது. தாமதத்தைப் பொறுத்தவரை, கொங்கண் வழித்தடம் 1993இல் நின்றதும் மொல்லெம் திட்டம் 2022இல் நின்றதும் கருத்துக்கேட்பால் அன்று. முப்பது நாள் முன்னறிவிப்போடு தொடக்கத்தில் கேட்டிருக்கக்கூடியதைக் கேட்காமல் விட்டதால், வேலை தொடங்கிய பின்போ ஒப்புதல் கிடைத்த பின்போ கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது.

இன்னொன்றும் உண்டு. தொண்ணூறுகளில் கடற்கரை வழியை எதிர்த்தவர்கள் பாதையைக் கிழக்கே மாற்றச் சொன்னார்கள். அதே கிழக்கின் காட்டைக் காக்க 2020இல் அடுத்த தலைமுறை எழுந்தது. கஸான் வயலா, மலைக்காடா என்பது எளிதில் விடை கிடைக்கும் கேள்வியன்று. ஓர் இடத்தைக் காப்பாற்றினால் சுமை மற்றோர் இடத்துக்கு நகரும். இரண்டு ஊர்களின் மக்களையும் ஒரே அறிக்கையின் முன் அமர்த்தி, இரண்டு வழிகளின் விலையையும் வெளிப்படையாக எடைபோடும் இடம் ஒன்று வேண்டும். எதிர்ப்பு இயக்கத்தால் அதைச் செய்ய முடியாது. அது ஒரு தரப்பின் குரல். நீதிமன்றத்தாலும் முடியாது; அதன் முன் வந்த மனுவை மட்டுமே அது பார்க்கும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை மிகைப்படுத்திப் பார்க்கவும் வேண்டாம். நடந்த கூட்டங்களில் பல வெறும் சடங்காக முடிந்தன. சொன்னவை அறிக்கையின் பின்னிணைப்பில் புதைந்தன. மக்கள் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடும் என்று அந்த அறிவிக்கை சொல்வதுமில்லை. ஆனாலும் பட்டா இல்லாதவர் அரசின் முன் நின்று தன் பெயரைச் சொல்லிப் பேசினார் என்பதற்கு அங்கே ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு பிற்பாடு வழக்காடலாம், திட்டத்தாரின் வாக்குறுதியை நினைவூட்டலாம்.

1888இல் மலை ஏறிய பாதைக்கு அத்தகைய பதிவு கிடையாது. உப்பளக்காரர் என்ன சொன்னார் என்பது எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. அவர் ஊரைவிட்டுப் போனார் என்பதைக் கொண்டே வரலாற்றாசிரியர் அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இன்று நாடெங்கும் போடப்படும் புதிய பாதைகளுக்கும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. எடுத்த நிலத்தின் பரப்பும் கொடுத்த தொகையும் கோப்புகளில் துல்லியமாகக் கிடைக்கும். பாதை தங்கள் ஊரை என்ன செய்யும் என்று அவ்வூரார் நினைத்தார்கள் என்பதை அவற்றில் தேடினால் கிடைக்காது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் அது மாறும்.